போன பில்லின் பருப்பு இந்தப் பில்லில் எப்படி? ஆப்ஜெக்ட் ஓரியண்டட் நிரல்களில் அறிகுறி பார்த்துப் பிழை தேடுவது

மளிகைக்கடைக்கு பில் போடும் சின்ன நிரல் அது. முதலில் வந்தவர் துவரம்பருப்பும் உப்பும் வாங்கினார். அடுத்தவர் வாங்கியது ஒரே ஒரு சோப்பு. ஆனால் அவர் பில்லில் பருப்பு, உப்பு, சோப்பு மூன்றும் அச்சாகி வந்தன. எழுதியவள் எங்கள் குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று முறை திருத்திப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து, "அக்கா, பருப்பு மறுபடியும் வந்துடுச்சு" என்றாள். மூன்று முறையும் கூட்டல் போடும் இடத்தையே திருத்தியிருந்தாள். பிழை அங்கே இல்லை.

கிளாஸ் என்ற வார்ப்பை எழுதி, அதிலிருந்து ஆப்ஜெக்டுகளை உருவாக்கி வேலை வாங்கும் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் (பொருள்நோக்கு) நிரலாக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான், தவறு செய்த இடம் ஒன்றாகவும் வலிக்கும் இடம் வேறாகவும் இருக்கும். அதனால் இங்கே தவறுகளின் பெயரை வைத்துப் பிரிக்காமல், திரையில் உங்களுக்கு என்ன தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். எடுத்துக்காட்டுகள் ஜாவாவிலும் பைத்தானிலும் இருக்கும். தேவைப்படும் இடத்தில் சி++ வரும். ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் தரவை ஃபீல்ட் என்றும், அது செய்யும் வேலையை மெத்தட் என்றும் சொல்வேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

சந்தேகப்படும் இரண்டு ஆப்ஜெக்டுகளை எடுத்து, அவை உண்மையிலேயே இரண்டுதானா என்று பாருங்கள். பைத்தானில் ஐடி என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஓர் எண்ணைத் தரும். ஜாவாவில் சிஸ்டம் கிளாஸில் ஐடென்டிட்டிஹாஷ்கோட் இருக்கிறது. எண் வேறாக வந்தால் அவை இரண்டு ஆப்ஜெக்டுகள்தான். ஜாவாவில் ஒரே எண் வந்தால் == போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், அரிதாக இரண்டு ஆப்ஜெக்டுகளுக்கு ஒரே எண் விழலாம். பைத்தானில் ஒப்பிடும்போது இரண்டும் உயிரோடு இருக்க வேண்டும். ஒன்று அழிந்துவிட்டால் அதன் எண் அடுத்து வருவதற்குப் போய்விடக்கூடும்.

வெளியில் இருக்கும் ஆப்ஜெக்டோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் லிஸ்ட், மேப், தேதி எல்லாவற்றுக்கும் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். பருப்பு விஷயத்தில் பில்கள் இரண்டுக்கும் வேறுவேறு எண் வந்தது. அவற்றுக்குள் இருந்த பொருள்பட்டியலுக்கு ஒரே எண் வந்தது. இரண்டு பில்லும் ஒரே பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தன.

அறிகுறி: ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் மாறுகிறது

பைத்தானில் முதலில் பார்க்க வேண்டியது கிளாஸின் உடல். காலி லிஸ்ட், காலி டிக்ஷனரி ஏதாவது இனிட் மெத்தடுக்கு (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடுவது) வெளியே, கிளாஸின் பெயருக்கு நேர் கீழே எழுதப்பட்டிருக்கிறதா? ஜாவாவிலிருந்து வந்தவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் அங்கே ஃபீல்டுகளை அறிவிக்கும் இடம் அதுதான். பைத்தானில் அந்த லிஸ்ட் கிளாஸுக்குச் சொந்தம். கிளாஸ் ஒன்றுதானே, அப்போது லிஸ்டும் ஒன்றுதான். எல்லா பில்லும் அதையே பார்க்கும்.

இதில் குழப்புவது என்னவென்றால், அதே இடத்தில் மொத்தம் = 0 என்று எழுதிய எண் சரியாகவே வேலை செய்யும். அந்தப் பெண் கேட்டதும் இதைத்தான்: "மொத்தம் ஒவ்வொரு பில்லுக்கும் தனியா வருது, பட்டியல் மட்டும் ஏன் சேர்ந்து வருது?" செல்ஃப் (அதாவது இந்த ஆப்ஜெக்ட்) புள்ளி மொத்தம் += 50 என்று, மொத்தத்தோடு 50 சேர்க்கச் சொல்லி எழுதும்போது பைத்தான் பழைய மதிப்பை கிளாஸிலிருந்து படிக்கிறது, புது மதிப்பை அந்த பில்லின் மேல் எழுதுகிறது. அந்த நொடியிலிருந்து அந்த பில்லுக்குத் தனி மொத்தம் கிடைத்துவிடுகிறது. லிஸ்டில் அப்பெண்ட் செய்யும்போது புதிதாக எதையும் எழுதி வைப்பதில்லை. இருக்கிற லிஸ்டைத் தேடிப்போய் அதற்குள் ஒன்றைச் சேர்க்கிறது. தேடிப்போனால் கிடைப்பது கிளாஸின் லிஸ்ட்.

லிஸ்டுக்கு அப்பெண்டை விட்டுவிட்டு += போட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். தப்பிக்க முடியாது. லிஸ்டின் மேல் += போட்டால் பொது லிஸ்டும் அதே இடத்தில் மாறும், பில்லின் மேலும் அதே லிஸ்ட் ஒட்டிக்கொள்ளும். திருத்தம் ஒன்றுதான்: பட்டியலை இனிட் மெத்தடுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

அங்கே கொண்டுபோய் வைத்தும் பருப்பு திரும்ப வந்தால், இனிட் மெத்தடின் தலைப்பு வரியைப் பாருங்கள். பொருள்கள் = காலி லிஸ்ட் என்று டீஃபால்ட் மதிப்பு (கூப்பிடுபவர் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்வது) கொடுத்திருக்கிறீர்களா? அந்தக் காலி லிஸ்ட் மெத்தடை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. கூப்பிடும்போதெல்லாம் புதிதாக உருவாவதில்லை. டீஃபால்டாக நன் (எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் மதிப்பு) கொடுத்து, உள்ளே போய் நன்னாக இருந்தால் புது லிஸ்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். 2018இல் பைத்தான் 3.7இல் வந்த டேட்டாகிளாஸைப் பயன்படுத்தினால் இந்தத் தவறை அது உங்களைச் செய்யவே விடாது. லிஸ்டை டீஃபால்டாகக் கொடுத்த உடனே வேல்யூஎரர் கொடுத்து, டீஃபால்ட் ஃபேக்டரி (ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கித் தருவது) வை என்று சொல்லிவிடும்.

ஜாவாவில் இதே அறிகுறிக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது ஸ்டேடிக். மெயின் மெத்தடிலிருந்து ஒரு ஃபீல்டைத் தொட்டால், ஸ்டேடிக் அல்லாததை இங்கிருந்து தொட முடியாது என்று கம்பைலர் சொல்லும். ஃபீல்டுக்கு முன்னால் ஸ்டேடிக் சேர்த்தால் சிவப்புக் கோடு போய்விடும். எடிட்டரே சில நேரம் அந்த யோசனையைச் சொல்லும். கோடு போன கையோடு அந்த ஃபீல்ட் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவாகிவிடும். கம்பைலர் கேட்டது ஸ்டேடிக்கை அல்ல, எந்த ஆப்ஜெக்டின் ஃபீல்ட் என்று. ஓர் ஆப்ஜெக்டை உருவாக்கி அதன் வழியாகத் தொடுங்கள்.

இரண்டாவது, கன்ஸ்ட்ரக்டரில் (பைத்தானின் இனிட் போன்றது) வெளியிலிருந்து வந்த லிஸ்டை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வது. கொடுத்தவர் கையிலும் அதே லிஸ்ட் இருக்கிறது. அவர் அடுத்த பில்லுக்காக அதை கிளியர் செய்தால் உங்கள் பழைய பில் காலியாகிவிடும். மூன்றாவது இதன் மறுபக்கம்: கெட்டர் (ஃபீல்டின் மதிப்பைக் கேட்டால் தரும் மெத்தட்) உள்ளே இருக்கும் லிஸ்டையே தூக்கிக் கொடுப்பது. ஃபீல்டை பிரைவேட் என்று போட்டிருப்பீர்கள். பூட்டு தொங்கும், சாவியை கெட்டர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தேதியிலும் இது நடக்கும். ஜாவாவின் பழைய டேட் கிளாஸை வாங்கியவர் அதன் செட்டைம் மெத்தடைக் கூப்பிட்டால் உங்கள் பில்லின் தேதி மாறிவிடும். 2014இல் ஜாவா 8இல் வந்த லோக்கல்டேட் மாறவே மாறாது, அதனால் தைரியமாகக் கொடுக்கலாம். லிஸ்டுக்கு, வாங்கும்போதும் கொடுக்கும்போதும் லிஸ்ட் காபிஆஃப் போட்டு நகல் எடுங்கள். ஜாவா 10 முதல் அது இருக்கிறது. கலெக்ஷன்ஸ் கிளாஸின் அன்மாடிஃபையபிள்லிஸ்ட் நகல் எடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது மூல லிஸ்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைக்கிறது, அவ்வளவுதான். வாங்கியவரால் மாற்ற முடியாது. ஆனால் மூலம் மாறினால் கண்ணாடி வழியாக அதுவும் தெரியும். நகல் எடுத்தாலும் லிஸ்ட் மட்டும்தான் புதிது, உள்ளே இருக்கும் பொருள்கள் பழையவையே. பருப்பின் விலையை யாராவது மாற்றினால் நகலிலும் மாறும்.

அறிகுறி: உள்ளே போட்டது இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது

ஹாஷ்செட்டில் வாடிக்கையாளரைச் சேர்த்தீர்கள். அச்சிட்டுப் பார்த்தால் கண்ணெதிரே இருக்கிறார். கன்டெய்ன்ஸ் கேட்டால் இல்லை என்கிறது. அல்லது அதே ஆள் இரண்டு முறை நுழைந்துவிடுகிறார்.

தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்துப் போடும் அறைகள் இருக்குமே, ஹாஷ்மேப் அப்படித்தான், ஹாஷ்செட்டும் உள்ளுக்குள் அதுதான். ஜாவாவில் தொடக்கத்தில் 16 அறைகள். எந்த அறை என்பதை ஹாஷ்கோட் சொல்லும். அறைக்குள் போன பிறகு இவர்தானா என்று ஈக்வல்ஸ் சொல்லும். தேடும்போது ஹாஷ்கோட் வேறு எண்ணைச் சொன்னால், கடிதம் பக்கத்து அறையில் இருந்தாலும் தபால்காரர் அங்கே பார்க்கவே மாட்டார். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

1. ஈக்வல்ஸை எழுதிவிட்டு ஹாஷ்கோடை விட்டுவிட்டீர்களா? விட்டிருந்தால், ஒரே ஆளைக் குறிக்கும் இரண்டு ஆப்ஜெக்டுகள் வேறுவேறு ஹாஷ் எண்ணோடு நிற்கும். பைத்தான் 3 இதில் நேர்மையாக நடந்துகொள்கிறது: ஈக்வல்ஸுக்கு இணையான ஈக்யூ மட்டும் எழுதினால் ஹாஷையே எடுத்துவிடும், செட்டில் போட்ட உடனே டைப்எரர் வரும். ஜாவா எதுவும் சொல்லாமல் ஓடும்.

2. ஈக்வல்ஸின் அளபுரு (அது வாங்கிக்கொள்ளும் மதிப்பு) எந்த வகை? ஆப்ஜெக்ட் வகையாக இருக்க வேண்டும். கஸ்டமர் என்று எழுதியிருந்தால் நீங்கள் பழையதை மாற்றவில்லை, அதே பெயரில் இன்னொரு மெத்தடைச் சேர்த்திருக்கிறீர்கள். இதற்குத் தனி அடையாளம் உண்டு: இரண்டு வாடிக்கையாளர்களை நேரடியாக ஒப்பிட்டால் சமம் என்று வரும், லிஸ்டில் தேடினால் இல்லை என்று வரும்.

3. உள்ளே போட்ட பிறகு ஆப்ஜெக்ட் மாறியதா? ஹாஷ்கோடில் தொலைபேசி எண்ணைச் சேர்த்திருந்து, வாடிக்கையாளர் எண்ணை மாற்றிக்கொண்டால், பழைய ஹாஷோடு உள்ளே இருப்பவரைப் புது ஹாஷோடு தேடுவீர்கள். கிடைக்க மாட்டார். அழிக்கவும் முடியாது. ஹாஷில் சேர்க்கும் ஃபீல்டுகள் மாறாதவையாக இருக்க வேண்டும். 2021இல் ஜாவா 16இல் உறுதியான ரெக்கார்டு இதற்கு நல்ல தீர்வு, ஈக்வல்ஸையும் ஹாஷ்கோடையும் அதுவே எழுதிக்கொள்ளும். பைத்தானில் ஃப்ரோசன் டேட்டாகிளாஸ்.

4. பிக்டெசிமல் (ஜாவாவின் துல்லியமான தசம எண்) இருக்கிறதா? 2.0வும் 2.00வும் அதன் ஈக்வல்ஸுக்குச் சமம் அல்ல. கம்பேர்டூ போட்டால் சமம். விலையைச் சாவியாக வைத்திருப்பவர்கள் இதில் கட்டாயம் ஒருநாள் மாட்டுவார்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று என்னை மிகவும் பாடுபடுத்தியது. வாடிக்கையாளர் எண்ணை இன்டீஜராக வைத்து == போட்டு ஒப்பிட்டிருந்தேன். எழுதிய நாளில் எல்லா டெஸ்டும் தேறியது. கடையிலும் வாரக்கணக்கில் ஓடியது. அப்புறம் ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் யாரையும் நிரல் அடையாளம் காணவில்லை, பழையவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. பட்டியலை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். 127 வரை சரி, 128லிருந்து தவறு. ஜாவா -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஒரே இன்டீஜர் ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறது, அதனால் == தற்செயலாகச் சரியாக வந்தது. அதைத் தாண்டினால் பொதுவாகப் புதுப்புது ஆப்ஜெக்டுகள். ஆப்ஜெக்டுகளின் மேல் == கேட்பது "இது அதே ஆப்ஜெக்டா" என்று மட்டும்தான். மதிப்பைக் கேட்க ஈக்வல்ஸ் வேண்டும். அன்றிலிருந்து என் டெஸ்டுகளில் ஓர் எண்ணாவது ஆயிரத்துக்கு மேல் இருக்கும்.

அறிகுறி: ஃபீல்டுக்கு மதிப்பு கொடுத்திருக்கிறேன், கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போதே நல் (எந்த ஆப்ஜெக்டும் இல்லை) என்கிறது

ஒரு கிளாஸை அடிப்படையாக வைத்து எழுதிய இன்னொரு கிளாஸ் அதன் சேய், முதலாவது தாய். தாயின் மெத்தடைச் சேய் தன் விதத்தில் மாற்றி எழுதுவது ஓவர்ரைடு. தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஏதாவது ஒரு மெத்தடைக் கூப்பிடுகிறதா, அதை உங்கள் சேய் கிளாஸ் ஓவர்ரைடு செய்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாவில் வரிசை இதுதான்: முதலில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் முழுதாக ஓடும், பிறகு சேயின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறும், பிறகு சேயின் கன்ஸ்ட்ரக்டர் உடல். தாய் கூப்பிடும் மெத்தட் சேயின் மெத்தடாக இருந்தால், சேயின் ஃபீல்டுகள் இன்னும் காலியாக இருக்கும்போதே அது ஓடுகிறது. வீட்டுக்குக் கூரை போடும் முன்பே குடிபோன கதை.

இதைவிட மோசமான ஒரு வடிவம் உண்டு. அந்த மெத்தட் ஒரு ஃபீல்டில் சரியான மதிப்பை எழுதுகிறது. தாய் முடிந்ததும் சேயின் ஃபீல்ட் அறிவிப்பில் உள்ள = 0 ஓடி, எழுதியதை அழித்துவிடுகிறது. டீபக்கரில் பிரேக்பாயிண்ட் வைத்துப் பார்த்தால் மதிப்பு ஏறுவது தெரியும், இரண்டு வரி தள்ளிப் பார்த்தால் பூஜ்யம். நல் பிழையாவது எங்கே என்று சொல்லும், இது சொல்லாது.

மொழிக்கு மொழி இது மாறும் என்பதால் ஒன்றில் கற்றதை இன்னொன்றில் நம்பாதீர்கள். சி ஷார்ப்பில் சேயின் ஃபீல்ட் மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஏறிவிடும். சி++இல் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்குள் இருந்து கூப்பிட்டால் விர்ச்சுவல் மெத்தடாக இருந்தாலும் தாயினுடையதுதான் ஓடும். பைத்தானில் இதே அறிகுறி ஆட்ரிபியூட்எரராக வரும், அதற்கு வழக்கமான காரணம் சேயின் இனிட்டில் சூப்பர் வழியாகத் தாயின் இனிட்டைக் கூப்பிட மறந்தது. அதை மறக்காமல் கூப்பிடுங்கள். மற்றபடி எல்லா மொழிக்கும் திருத்தம் ஒன்றே: கன்ஸ்ட்ரக்டருக்குள் ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தடைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அந்த மெத்தடை ஃபைனலாகவோ பிரைவேட்டாகவோ ஆக்குங்கள்.

அறிகுறி: ஓவர்ரைடு செய்தேன், என் மெத்தடைக் கூப்பிடவே மாட்டேன் என்கிறது

ஜாவாவில் மெத்தடுக்கு மேல் ஓவர்ரைடு அனோட்டேஷனைப் போட்டு கம்பைல் செய்யுங்கள். 2004இல் ஜாவா 5இல் வந்தது அது. எழுத்துப்பிழை, அளபுருவின் வகை வேறுபாடு, தாயில் அந்த மெத்தட் பிரைவேட்டாக இருப்பது எல்லாமே அந்த ஒரு வரியில் பிழையாக வெளியே வந்துவிடும். சி++இல் 2011இன் தரம் ஓவர்ரைடு என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அதையும் விடாமல் எழுதுங்கள்.

அனோட்டேஷன் போட்டும் பிழை வரவில்லை, ஆனால் தாயின் மதிப்பே வருகிறது என்றால், நீங்கள் தொடுவது மெத்தடையா ஃபீல்டையா என்று பாருங்கள். ஜாவாவில் ஃபீல்டுகள் ஓவர்ரைடு ஆவதில்லை. தாயிலும் சேயிலும் வரிவிகிதம் என்று ஒரே பெயரில் ஃபீல்ட் வைத்தால் ஆப்ஜெக்டுக்குள் இரண்டும் இருக்கும், மாறியின் வகை எதுவோ அதன் ஃபீல்ட் கிடைக்கும். ஸ்டேடிக் மெத்தடும் அப்படித்தான்.

சி++இல் விர்ச்சுவல் என்று எழுதாவிட்டால் சேயின் மெத்தட் தாயின் பாயிண்டர் (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைச் சுட்டுவது) வழியாகக் கிடைக்காது. அந்தச் சொல்லே சி++க்கு முன்பு, ஆஸ்லோவில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67இலிருந்து வந்தது. விர்ச்சுவல் போட்டும் தாயின் மெத்தடே ஓடினால், ஆப்ஜெக்டை மதிப்பாகக் கடத்துகிறீர்களா என்று பாருங்கள். தாய் வகையின் வெக்டரில் சேயைப் போட்டால் சேய்க்குரிய பகுதி வெட்டப்பட்டு தாயின் பகுதி மட்டும் நகலாகும். ரெஃபரன்ஸாகவோ பாயிண்டராகவோ கடத்துங்கள். சேயைத் தாயின் பாயிண்டர் வழியாக அழிக்கப் போகிறீர்கள் என்றால் டிஸ்ட்ரக்டரும் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் மெத்தட்) விர்ச்சுவலாக இருக்க வேண்டும்.

பைத்தானில் டிக்ஷனரியின் சேய் கிளாஸ் எழுதி, மதிப்பு வைக்கும் மெத்தடை மாற்றியவர்களுக்கு ஒரு தனி வேதனை. சதுர அடைப்பில் எழுதினால் உங்கள் மெத்தட் ஓடும், அப்டேட் வழியாகப் போட்டால் ஓடாது. உள்ளமைந்த டிக்ஷனரி தன் வேலையைத் தானே நேரடியாகச் செய்துகொள்ளும், உங்கள் மெத்தடைத் தேடி வராது. கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள யூசர்டிக்டைத் தாயாக வையுங்கள்.

அறிகுறி: சேய் கிளாஸை அனுப்பினால் மட்டும் உடைகிறது

பில்லுக்கு ஒரு சேயாகக் கடன்பில் எழுதுகிறீர்கள். பில்லுக்குத் தள்ளுபடி போடலாம், கடன்பில்லுக்குக் கிடையாது. அதனால் கடன்பில்லின் தள்ளுபடி மெத்தடில் எக்ஸெப்ஷன் (நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பு) வீசுகிறீர்கள். பில்களை வரிசையாக எடுத்துத் தீபாவளித் தள்ளுபடி போடும் நிரல் நடுவில் நின்றுவிடுகிறது. அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? அந்த நிரலில் இன்ஸ்டன்ஸ்ஆஃப் (ஆப்ஜெக்ட் எந்த வகை என்று கேட்பது) போட்டு, கடன்பில்லாக இருந்தால் விட்டுவிடு என்று எழுதுவார்கள். அப்புறம் அதே சரிபார்ப்பு இன்னும் நான்கு இடங்களில் முளைக்கும்.

1987இல் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் நிரலாக்கத்துக்கான ஊப்ஸ்லா மாநாட்டு உரையில் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் சொன்னது இதைத்தான்: தாயை எதிர்பார்க்கும் இடத்தில் சேயை வைத்தால் நிரலின் நடத்தை மாறக் கூடாது. மாறுகிறது என்றால் அது சேயே அல்ல. உங்கள் கிளாஸில் வீசுவதற்காகவே எழுதிய ஒரு மெத்தட் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் உறவு தவறு.

ஜாவாவின் நூலகமே இதில் தவறியிருக்கிறது, அதைப் பார்த்தால் நமக்கு நன்றாக விளங்கும். ப்ராபர்ட்டீஸ் கிளாஸ் ஹாஷ்டேபிளின் சேய். எழுத்துத் தொடர்களை மட்டும் வைக்க வேண்டிய இடம் அது. ஆனால் தாயின் புட் மெத்தட் வழியாக 8080 என்ற எண்ணை உள்ளே போட முடியும். போட்டுவிட்டு கெட்ப்ராபர்ட்டியில் கேட்டால் நல் வரும். சாவி இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது, கேட்டால் இல்லை. செட்ப்ராபர்ட்டி வழியாக மட்டும் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. ஸ்டாக் கிளாஸும் வெக்டரின் சேய், அதனால் அடுக்கின் அடியில் ஒன்றைச் செருக முடிகிறது. அடுக்கு என்றால் மேலே வைத்து மேலே எடுப்பதுதானே. எஸ்க்யூஎல் பக்கம் உள்ள டைம்ஸ்டாம்ப் டேட்டின் சேய். இதில் டேட்டைக் கேட்டால் இருவரும் சமம் என்று சொல்லக்கூடும், டைம்ஸ்டாம்பைக் கேட்டால் ஒருபோதும் சொல்லாது.

என் முடிவு இதில் உறுதியானது: நிரல்வரிகளை மிச்சப்படுத்துவதற்காக ஒரு கிளாஸை இன்னொன்றுக்குச் சேயாக்காதீர்கள். அந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்றை உள்ளே ஃபீல்டாக வைத்துக்கொண்டு, தேவையான இரண்டு மூன்று மெத்தடுகளை மட்டும் வெளியே காட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் தாயில் நாளை வரப்போகும் மெத்தடுகள் உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் நுழையாது.

அறிகுறி: டெஸ்ட் தனியாக ஓட்டினால் தேறுகிறது, எல்லாவற்றோடும் ஓட்டினால் தோற்கிறது

டெஸ்டுகளின் வரிசையைத் தலைகீழாக்கி ஓட்டுங்கள். தோற்கும் டெஸ்ட் மாறினால் அவற்றுக்கிடையே ஏதோ ஒன்று பகிரப்படுகிறது. முன்னால் ஓடுபவற்றில் பாதியை நீக்கி, பிறகு அதில் பாதியை நீக்கி, குற்றவாளி டெஸ்டைப் பிடிக்கலாம். அது எதைத் தொடுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஸ்டேடிக் ஃபீல்டோ சிங்கிள்டனோ (நிரல் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட் மட்டும் உள்ள கிளாஸ்)தான் இருக்கும்.

டெஸ்டின் முடிவில் சிங்கிள்டனைப் பழைய நிலைக்குத் திருப்பும் மெத்தட் எழுதுவது வழக்கம். அவசரத்துக்கு அது போதும். நிலையான தீர்வு, தேவையானதைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்வது. பில்லுக்கு வரிவிகிதம் தேவை என்றால் எங்கோ இருக்கும் பொது அமைப்பிலிருந்து அது தேடி எடுக்கக் கூடாது. உருவாக்குபவர் கையில் கொடுக்க வேண்டும். அப்போது டெஸ்டில் 18 கொடுக்கலாம், 5 கொடுக்கலாம், ஒன்று இன்னொன்றைப் பாதிக்காது.

அறிகுறி: நீளமான சங்கிலியில் நல்பாயிண்டர் பிழை, எந்தக் கண்ணி என்று தெரியவில்லை

பில், வாடிக்கையாளர், முகவரி, ஊர், அஞ்சல் எண் என்று ஒரே வரியில் நான்கு புள்ளி வைத்திருப்பீர்கள். ஜாவா 14ஐவிடப் பழையது எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் பதிப்பை ஏற்றுங்கள். 14இல் வந்து 15 முதல் தானாகவே இயங்கும் விரிவான செய்தி, எந்த மெத்தடின் விடை நல் என்று பெயரோடு சொல்லும். நல் என்ற கருத்தை 1965இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்த டோனி ஹோர், அது நூறு கோடி டாலர் தவறு என்று 2009இல் தானே சொன்னார். கண்ணி கிடைத்ததும் அங்கே நல்லா என்று சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், பில் எதற்காக ஊர்வரை கைநீட்டுகிறது என்று கேளுங்கள். வாடிக்கையாளரிடம் அஞ்சல் எண்ணைக் கேட்டால் போதும், முகவரி இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அறிகுறி: புதிதாக ஒரு வகை சேர்க்க ஏழெட்டுக் கோப்புகளைத் தொட வேண்டியிருக்கிறது

வகை ரொக்கமாக இருந்தால், வகை கடனாக இருந்தால், வகை யூபிஐயாக இருந்தால் என்று ஒரே இஃப் ஏணி பல இடங்களில் இருக்கும். ஓரிடத்தில் சேர்த்து மற்றோரிடத்தில் விட்டுப்போவதுதான் பிழை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கிளாஸ் எழுதி, வேலையை அந்தந்தக் கிளாஸின் மெத்தடுக்கு அனுப்புங்கள். ஆனால் ஏணி ஒரே இடத்தில், இரண்டு மூன்று படிகளோடு இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்காக ஐந்து கிளாஸ் எழுதியவர்களின் நிரலைப் பிறகு படித்திருக்கிறேன், இஃப்பே மேல்.

அறிகுறி: நாள் முழுக்க ஓடினால் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது

குப்பை சேகரிப்பான் இருக்கும் மொழியிலும் இது நடக்கும். யாராவது ஒருவர் கையில் பிடித்திருக்கும் ஆப்ஜெக்டை அது தொடாது. ஜாவாவில் ஹீப் டம்ப் (நினைவகத்தில் உள்ள ஆப்ஜெக்டுகளின் பதிவு) எடுத்து, எண்ணிக்கையில் அதிகமாக நிற்கும் உங்கள் கிளாஸைத் தேர்ந்தெடுத்து, அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்று வேர் வரை போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வருபவை இரண்டு: பதிவு செய்துவிட்டு நீக்காமல் போன லிஸனர் (ஏதாவது நடந்தால் தெரிவிக்கச் சொல்லிக் காத்திருக்கும் ஆப்ஜெக்ட்), எல்லை இல்லாமல் வளரும் ஸ்டேடிக் மேப். திரை மூடும்போது லிஸனரை நீக்குங்கள். மேப்புக்கு உச்ச அளவு வையுங்கள்.

எதுவும் பொருந்தவில்லை என்றால்

நிரலை நகல் எடுத்து, பிழை போகாதவரை வரிகளை அழித்துக்கொண்டே வாருங்கள். டேட்டாபேஸை எடுத்துவிட்டு இரண்டு ஆப்ஜெக்டுகளைக் கையால் உருவாக்குங்கள். திரையை எடுத்துவிட்டு அச்சிடுங்கள். எந்த வரியை அழித்தபோது பிழை மறைந்ததோ அதைத் திரும்ப வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். பருப்பு பில்லை நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்து அழித்தோம். கடைசியில் மிஞ்சியது ஒரு கிளாஸ், ஒரு காலி லிஸ்ட், இரண்டு பில், ஓர் அப்பெண்ட். விடையை நான் சொல்வதற்கு முன்பே அவள் அந்தக் காலி லிஸ்ட் மேல் விரலை வைத்துவிட்டாள்.

மிஞ்சியதைப் பார்த்தும் புரியவில்லை என்றால், யாரிடமாவது கேட்கும்போது அந்த மிச்சத்தை மட்டும் அனுப்புங்கள். கூடவே மொழியின் பதிப்பு எண், பிழைச் செய்தி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, நீங்கள் எதிர்பார்த்த விடை, வந்த விடை.